காலையில் எரியும் சிவப்பு விளக்கு
வீட்டுச் சோலாரில் மின்பழுதைக் கண்டறிவதும், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும்

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி. சங்கச் செயலாளர் ஐயா என்னைக் கூப்பிட்டபோது, "சோலார் மானியம் பத்திப் பேசுங்க" என்றுதான் சொன்னார். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 என்பது இந்தத் தெருவில் பலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மானியம் வாங்கியாச்சு, பேனல் மாட்டியாச்சு. மாட்டின பிறகு என்ன? அதைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். ஐயாவும் சம்மதித்தார்.

மொட்டை மாடியில் சோலார் இருக்கிறவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்க. நல்லது, பாதிக்கு மேல் இருக்கீங்க. சரி, கடந்த ஒரு வாரத்தில் இன்வெர்ட்டர் திரையை ஒருமுறையாவது பார்த்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்க.

பாருங்க, மூணு கைதான் மிச்சம். வெட்கப்பட வேண்டாம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"தானா சரியாயிடுதும்மா"

நான் பொறியாளர் இல்லை. அரசின் சேவைகளைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை. சோலார் பழுது பற்றி நான் கற்றுக்கொண்டதற்குக் காரணம், என் அப்பா செய்த ஒரு தவறும், அதற்கு நான் போட்ட "சரிப்பா"வும்.

எங்கள் வீடு கடலூர் மாவட்டத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு, வரிசையாக இணைத்த 3 கிலோவாட் சோலார். ஐப்பசி மழை தொடங்கின நேரம் அப்பா போன் செய்தார். "காலையில இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரியுதும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சில நாள் கேக்குது, சில நாள் கேக்கல. ஆனா பத்து பத்தரைக்கெல்லாம் தானா சரியாயிடுது."

தானாகச் சரியாகிறது என்றால் பெரிய விஷயம் இல்லை என்று அவர் நினைத்தார். நானும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. தினமும் காலையில் சிவப்பு விளக்கு. தினமும் அப்பா அதை அணைத்துப் போடுவார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 'ஐசோலேஷன் ஃபால்ட்' என்று இருந்தது. அதாவது, பேனலிலிருந்து வரும் வயரில் எங்கோ காப்பு கெட்டுப்போய், மின்சாரம் பூமிக்குக் கசிகிறது. மறுநாள் காலையிலேயே ஒரு சோலார் டெக்னீஷியன் அண்ணன் வந்தார். மாடிக்கு ஏறியவர் கருவியை எடுக்கவில்லை. முதலில் எங்கள் அம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இந்தக் கம்பத்துலயா கொடி கட்டித் துணி காயப் போடுறீங்க?"

"ஆமா தம்பி, வசதியா இருக்கே."

பேனல் நிற்கும் இரும்புச் சட்டத்தில்தான் கொடிக்கயிறு கட்டியிருந்தது. மழையில் நனைந்த தரை, கையில் ஈரத்துணி, கசிவு இருக்கும் சட்டம். இந்த மூன்றும் மூன்று வாரமாக ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அந்த அண்ணன் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

அந்தப் பழுதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், சோலார் பழுது நம் வீட்டின் மற்ற மின்பழுதுகளைப் போல இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சோலார் ஏன் வேறு மாதிரி?

வீட்டில் ஒரு வயர் ஷார்ட் ஆனால் என்ன ஆகும்? 'டப்' என்று எம்.சி.பி. விழும். ஏனென்றால் மின்கம்பத்திலிருந்து வரும் மின்சாரம், ஷார்ட் ஆன அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியராகப் பாயும். அந்தப் பாய்ச்சலைப் பார்த்துத்தான் எம்.சி.பி. விழுகிறது.

பேனல் அப்படியில்லை. வெயில் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் அதனால் தர முடியும். 540 வாட் பேனல் நல்ல வெயிலில் வேலை செய்யும்போது சுமார் 13 ஆம்பியர் ஓடும். அதன் இரண்டு முனைகளையும் நேரடியாகச் சேர்த்து ஷார்ட் செய்தாலும் சுமார் 14 ஆம்பியர்தான் ஓடும். இந்தச் சின்ன வித்தியாசத்தை ஃப்யூஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? பழுது இருக்கும், ஆனால் எதுவும் விழாது, எதுவும் கருகாது. சத்தமே இருக்காது.

இரண்டாவது விஷயம், இது டிசி மின்சாரம். நம் வீட்டு ஏசி மின்சாரம் ஒரு வினாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வரும். லூஸான இடத்தில் தீப்பொறி வந்தாலும், பூஜ்ஜியத்தைத் தொடும்போது அது அணைய வாய்ப்பு உண்டு. டிசி பூஜ்ஜியத்தைத் தொடுவதே இல்லை. ஒரு கனெக்டர் லூஸாகி அதில் பொறி பிடித்தால், வெயில் இருக்கும்வரை விடாமல் எரிந்துகொண்டே இருக்கலாம். இதைத்தான் 'ஆர்க் பழுது' என்கிறார்கள். சோலார் டிசி பக்கத்தில் சாதாரண ஏசி சுவிட்சைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

மூன்றாவது விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பேனலை அணைக்க முடியாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும், மின்வாரிய இணைப்பே துண்டிக்கப்பட்டாலும், பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். எங்கள் வீட்டு ஆறு பேனல் வரிசையில் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி. மேகமூட்டமாக இருந்தால் ஆம்பியர் குறையும், வோல்ட் பெரிதாகக் குறையாது. "மழை நாள்தானே, ஒண்ணும் இருக்காது" என்று தொட்டுவிடாதீங்க.

முதல் பழுதும் இரண்டாவது பழுதும்

சத்தம் போடாத பழுதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உலகம் முழுக்கச் சோலார் பொறியாளர்கள் பாடமாகப் படிக்கும் ஒரு சம்பவம் உண்டு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று ஒரு ஊர். 2009-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி, அங்கே ஒரு பெரிய கடையின் கூரையில் இருந்த 383 கிலோவாட் சோலார் அமைப்பில் தீப்பிடித்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, பழுது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது.

அந்தக் கால அமைப்பில் டிசியின் ஒரு முனையை ஒரு ஃப்யூஸ் வழியாக எர்த்தோடு இணைத்து வைத்திருப்பார்கள். எங்காவது கசிவு வந்தால் அந்த ஃப்யூஸ் போகும், இன்வெர்ட்டர் நிற்கும் என்பது ஏற்பாடு. ஆனால் எர்த்தோடு இணைந்திருக்கும் அதே பக்கத்து வயரில் காப்பு கெட்டால், ஃப்யூஸ் வழியாக ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஃப்யூஸுக்கு அது கண்ணிலேயே படாது. பேக்கர்ஸ்ஃபீல்டில் முதல் பழுது அப்படிப்பட்டதுதான். யாருக்கும் தெரியாமல் அங்கேயே இருந்தது.

பிறகு ஒரு பெரிய கேபிளில் இரண்டாவது பழுது வந்தது. ஃப்யூஸ் தன் வேலையைச் செய்தது, அறுந்தது. ஆனால் மின்சாரத்துக்குத்தான் முதல் பழுது வழியாக இன்னொரு பாதை ஏற்கெனவே தயாராக இருந்ததே! பெரிய கேபிளில் வர வேண்டிய மின்னோட்டம் அத்தனையும் சின்ன வயர் வழியாகப் பாய்ந்து தீப்பற்றியது.

அந்த நாட்டின் தேசிய மின்சார விதித்தொகுப்பு இதுபோன்ற ஆபத்துகளைக் கணக்கில் எடுத்துப் பலமுறை திருத்தப்பட்டது. கட்டிடங்களின் மேல் உள்ள சோலாரில் ஆர்க் பழுதைக் கண்டறிந்து நிறுத்தும் ஏற்பாடு 2011-ம் ஆண்டுப் பதிப்பிலும், அவசர நேரத்தில் கூரை வயர்களின் மின்சாரத்தைச் சட்டென்று குறைக்கும் ஏற்பாடு 2014-ம் ஆண்டுப் பதிப்பிலும் சேர்க்கப்பட்டன.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் வேறு வகை. டிசி முனை எதையும் எர்த்தோடு இணைப்பதில்லை. அதற்குப் பதிலாக, தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன்பு இன்வெர்ட்டரே ஒரு பரிசோதனை செய்கிறது. பேனல் வயருக்கும் பூமிக்கும் இடையே காப்பு சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறது. சரியில்லை என்றால் மின்வாரிய லைனோடு சேராது, சிவப்பு விளக்கைப் போடும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் கண்காணிக்கும். கசிவு திடீரென்று 30 மில்லிஆம்பியர் கூடினால் 0.3 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது இதற்கான சர்வதேசத் தரவிதி.

புரியுதுங்களா? பேக்கர்ஸ்ஃபீல்டில் ஃப்யூஸ் கண்ணில் படாமல் போன முதல் பழுதை, நம் வீட்டு இன்வெர்ட்டர் தினமும் காலையில் வந்து நம்மிடம் சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, அதன் வாயை அடைக்கிறோம். இன்றைக்கு நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். மழை நாள் காலையில் வந்து மதியம் மறையும் பழுது சரியாகிவிட்ட பழுது இல்லை, காய்ந்துபோன பழுது. அடுத்த மழைக்கு அது திரும்ப வரும்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டறிவது

பழுதுவேலையில் இரண்டு கட்டம் உண்டு. பழுது இருக்கிறது என்று கண்டறிவது முதல் கட்டம். அது எங்கே இருக்கிறது என்று இடத்தைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. முதலாவதை நீங்களும் நானும் செய்யலாம், செய்ய வேண்டும். இரண்டாவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

முதல் கட்டத்துக்கு ஒரு காலண்டரும் பேனாவும் போதும். இன்வெர்ட்டர் திரையிலோ மொபைல் செயலியிலோ 'இன்றைய உற்பத்தி' என்று ஒரு எண் இருக்கும். சாயங்காலம் அதைக் காலண்டரில் எழுதுங்க. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் சுமார் 12 யூனிட். மழை நாளில் குறையும், அது இயல்பு. நல்ல வெயில் நாளிலும் குறைந்தால் கேள்வி கேளுங்க.

நமக்கு மின்கட்டணக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதை மறந்துவிடாதீங்க. கணக்கெடுத்த மறுநாளே சோலார் நின்றுபோனால், அடுத்த பில் வரும்வரை 60 நாள். அதற்குள் 700 யூனிட்டுக்கு மேல் இழப்பு. பில்லைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது, வெள்ளம் வடிந்த பிறகு அணை போடுவது போலத்தான்.

எழுதிவைத்த எண்களும், செயலியில் தெரியும் அன்றைய வரைபடமும் நிறையச் சொல்லும்.

• கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரங்களில் குறைந்தால், பெரும்பாலும் தூசி, பறவை எச்சம். கழுவிப் பாருங்க.

• தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால், அது நிழல். பக்கத்து வீட்டில் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டி, வளர்ந்துவிட்ட தென்னை மட்டை என்று ஏதாவது இருக்கும்.

• ஒரு நாளில் திடீரென்று சரிபாதியாகக் குறைந்தால், இரண்டு வரிசையாகப் பேனல் உள்ள வீடுகளில் ஒரு வரிசை அறுந்திருக்கலாம்.

• நல்ல வெயில் நேரத்தில் நின்று நின்று ஓடினால், லைன் வோல்டேஜ் வரம்பைத் தாண்டி இன்வெர்ட்டர் விலகுகிறதா, சூடாகிறதா, எங்காவது லூஸ் இணைப்பா என்று பார்க்க வேண்டும்.

• மழைக்கு மறுநாள், பனி பெய்த காலை, பேனல் கழுவிய பிறகு என்று ஈரம் இருக்கும்போது மட்டும் சிவப்பு விளக்கு வந்தால், அது காப்புப் பழுது. இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறதே என்று சிலர் புகார் செய்கிறார்கள். பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு சேர்ந்த சோலார் அப்படித்தான் நிற்க வேண்டும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. பழுது இல்லை.

நீங்கள் எழுதிவைத்த குறிப்பு, வருகிற டெக்னீஷியனுக்குப் பெரிய உதவி. "சோலார் ஓடல" என்று சொல்வதற்கும், "மழை பெய்த மறுநாள் மட்டும் காலை 7 முதல் 10 வரை ஓடவில்லை, திரையில் இப்படி வந்தது, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பது

இப்போது எங்கள் வீட்டு மாடிக்குத் திரும்பிப் போவோம். அந்த அண்ணன் காலை எட்டரைக்கே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. "ஈரம் காய்ஞ்சா பழுது ஒளிஞ்சுக்கும்" என்றார்.

முதலில் கொடிக்கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு ஏசி பக்கத்தை அணைத்தார், பிறகு டிசி சுவிட்சை அணைத்தார். அதற்குப் பிறகுதான் பேனலிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றினார். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது டிசி கனெக்டரைப் பிடுங்கினால் அந்த இடத்திலேயே பொறி பிடிக்கும். அதனால்தான் இந்த வரிசை.

பிறகு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுத்தார்.

பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 282 வோல்ட்.
பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே 188 வோல்ட்.
எர்த்துக்கும் நெகட்டிவுக்கும் இடையே 94 வோல்ட்.

காப்பு நன்றாக இருந்தால் கடைசி இரண்டு அளவும் ஒரு இடத்தில் நிற்காமல் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கிவிடும். ஏனென்றால் எர்த்தோடு தொடர்பே இருக்காது. இங்கே இரண்டும் நிலையாக நின்றன. கூட்டினால் 188-உம் 94-உம் சேர்ந்து 282. அதாவது கசிவு ஒரே இடத்தில்தான்.

மொத்தம் ஆறு பேனல். 282-ஐ ஆறால் வகுத்தால் ஒரு பேனலுக்கு 47 வோல்ட். 188-ஐ 47-ஆல் வகுத்தால் நான்கு. 94-ஐ வகுத்தால் இரண்டு. "பாசிட்டிவ் பக்கத்துலேர்ந்து நாலு பேனல் தாண்டி, அஞ்சாவதுக்கு முன்னாடி" என்றார். ஒரு பேனலைக்கூடக் கழற்றாமல், வகுத்தல் கணக்கிலேயே இடத்தைச் சொல்லிவிட்டார். அஞ்சாம் வகுப்புக் கணக்கு!

ஐந்தாவது பேனலின் கிளாம்பைத் தளர்த்தித் தூக்கிப் பார்த்தால், நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும் வயர் பேனல் ஓரத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. காற்றில் உரசி உரசி மேல் உறை போய்ச் செம்பு தெரிந்தது. மழைத்தண்ணீர் அந்த இடைவெளியில் நிற்கும்போது கசியும், காய்ந்தால் நிற்கும். பொருத்திய அன்றைக்கு ஒரு டை போட்டுக் கட்டியிருந்தால் இந்தப் பழுதே வந்திருக்காது.

அத்தோடு முடியவில்லை. சட்டத்திலிருந்து கீழே போகும் எர்த் பட்டையின் போல்ட், உப்புக்காற்றில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. நல்ல எர்த் இருந்தால் கசிவு அதன் வழியாகப் பூமிக்குப் போய்விடும். எர்த் கெட்டிருந்தால், ஈரத் தரையில் நின்று அந்தக் கம்பத்தைப் பிடிப்பவர் வழியாகப் போகும். எங்கள் அம்மா மூன்று வாரம் எதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அப்பா அன்று முழுக்க யாரிடமும் அதிகம் பேசவில்லை.

வயரை மாற்றி, துருப்பிடிக்காத போல்ட் போட்டு, கடைசியாக மெகர் கருவியில் காப்பை அளந்து காட்டினார். 120 முதல் 500 வோல்ட் வரையுள்ள டிசி அமைப்புக்கு 500 வோல்ட் கொடுத்துச் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம் காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் இந்த அளவை எழுதிக் கேளுங்க. அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எல்லாப் பழுதுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வயர் அறுந்திருந்தால் பாதி வரிசையைச் சோதித்து, பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்த்து, அதையும் பாதியாக்கிக்கொண்டே போவார்கள். லூஸ் கனெக்டர் சூடாகும், அதைத் தெர்மல் கேமரா காட்டிக்கொடுக்கும். பேனலுக்குள் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். அதில் ஒன்று ஷார்ட் ஆனால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் போய்விடும். எங்கள் வீட்டைப் போல ஆறு பேனல் வரிசையில் அது பதினெட்டில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, எண்ணை எழுதிவைத்தால்தான் தெரியும்.

பெரிய நிலையங்களில் அளவே வேறு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் நிலையத்தில் சுமார் 25 லட்சம் பேனல்கள். இந்த மாதிரி நிலையங்களில் மல்டிமீட்டரோடு ஒவ்வொரு பேனலாக நடக்க முடியாது. அதனால் தெர்மல் கேமரா பொருத்திய டிரோனைப் பறக்கவிட்டுப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. ஒரே ஒரு செல் மட்டும் சூடாகத் தெரிந்தால் அந்தச் செல்லில் பழுது. மூன்றில் ஒரு பங்கு பேனல் சூடாகத் தெரிந்தால் டயோடு பக்கம் சந்தேகம். ஒரு வரிசை முழுக்க மற்றவற்றைவிடச் சில டிகிரி சூடாக இருந்தால், அந்த வரிசை அறுந்திருக்கிறது. மின்சாரமாக வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுவதால் வரும் சூடு அது.

நீங்கள் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

• சோலார் சட்டத்தில் கொடி கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்க. பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடவும் விடாதீங்க.

• சிவப்பு விளக்கு வந்தால் முதலில் திரையைப் போட்டோ எடுங்க. தேதி, நேரம், மழை உண்டா இல்லையா என்று குறித்துவையுங்க. ஒருமுறை வந்து போனாலும் சொல்லுங்க. திரும்பத் திரும்ப ரீசெட் செய்யாதீங்க.

• காப்புப் பழுது என்று வந்தால் பேனலையும் சட்டத்தையும் தொட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். இன்வெர்ட்டர் அருகே தரை காய்ந்திருந்தால் ஏசி சுவிட்சை முதலில், டிசி சுவிட்சை அடுத்ததாக அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்க.

• கனெக்டரை நீங்களாகப் பிடுங்காதீங்க. தெரிந்த எலக்ட்ரீஷியனாக இருந்தாலும், சோலார் டிசியில் பயிற்சி உண்டா என்று கேளுங்க. வேறு வேறு கம்பெனிக் கனெக்டர்களைச் சேர்த்து மாட்ட விடாதீங்க. பார்க்கப் பொருந்துவது போல இருக்கும், உள்ளே சூடாகும்.

• வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், எர்த் போல்ட், வயர் கட்டு, இடிதாங்கு சாதனத்தின் நிறம், எலி அணில் கடித்த தடம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்க.

• தீ என்றால் 101 அல்லது 112. போன் எடுத்ததும் "மாடியில் சோலார் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்க. வருகிற தீயணைப்பு வீரர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

கேட்பது உங்கள் உரிமை

பி.எம். சூர்ய கர் திட்டத்தில், பதிவு பெற்ற நிறுவனம் மூலமாகப் பொருத்தியவர்களுக்கு 5 ஆண்டுப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அது இருக்கும். பலர் அந்தத் தாளை மானியம் வந்த அன்றோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். எடுத்துப் படியுங்க. "சும்மா பார்க்க வந்தாலே காசு" என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தைக் காட்டுங்க. நிறுவனம் வரவில்லை என்றால் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் கணக்கு வழியாகப் புகார் பதிவு செய்யலாம். நெட் மீட்டர், லைன் வோல்டேஜ், மின்கம்பப் பக்கத்துப் பழுது என்றால் மின்னகம் 94987 94987 எண்ணுக்குக் கூப்பிடுங்க.

எங்கள் வீட்டில் இப்போது கொடி மாடியின் அந்தப் பக்கச் சுவரில் கட்டியிருக்கிறது. அப்பா தினமும் சாயங்காலம் காலண்டரில் யூனிட்டை எழுதுகிறார். போன வாரம் போன் செய்தார். "நேத்து மழைம்மா, இன்னிக்குக் காலையில பச்சை லைட்தான். போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டுமே போன் செய்தவர், இப்போது பச்சை விளக்குக்கும் போன் செய்கிறார்.

வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒருமுறை மாடிக்கு ஏறி அந்தத் திரையைப் பாருங்க. அடுத்த கூட்டத்தில் நான் இதே கேள்வியைக் கேட்பேன். மூணு கைக்கு மேல் தூக்கணும்.